படகுக்குப் பத்தாயிரம், பறிக்கு எவ்வளவு?

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிய பிறகு தமிழ்நாடு அரசு ஒரு கணக்குப் போட்டது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சத்துச் சொச்சம். செய்தி வந்த அன்று மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் நானே பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சண்டை பட்டியலோடு. அதில் குடும்பம் இருக்கிறது, படகு இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுகிற பெண் இல்லை. ஏலத்தில் மீன் எடுத்து அன்னக்கூடையில் சுமந்துபோய் விற்கிற பெண் இல்லை. கருவாடு காயப்போடுகிறவள், வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்கிறவள் யாரும் இல்லை. குடும்பம் என்றால் அதற்குள் அவளும் அடக்கம்தானே என்று கேட்பார்கள். படகும்தான் குடும்பத்துக்குள் அடக்கம். அதை மட்டும் ஏன் தனியாக எண்ணினீர்கள்? அது தொழில் கருவி, அதற்குச் சேதம் உண்டு என்பதால்தானே? பறியும் தொழில் கருவிதான். எண்ணெய்ச் சேற்றில் ஊறிய பறியை இன்னொரு முறை பல்லில் கடிக்க முடியாது. 'எண்ணூர் மீனா, வேணாம்மா' என்று கதவைச் சாத்திய வாடிக்கை வீடுகளும் சேதம்தான்.

என் அம்மா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்றவர். என் பள்ளிக்கூடப் படிவங்களில் 'தந்தையின் தொழில்: மீனவர்' என்று இருக்கும். அப்பா வருஷத்தில் பாதி நாள் கடலுக்குப் போனதில்லை. அந்தப் பாதி நாளும் நாங்கள் சாப்பிட்டோம், பள்ளிக்கூடம் போனோம். அம்மாவின் தொழிலை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. நிவாரணப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு அந்தப் படிவம்தான் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷத்தில் தாள் மாறியிருக்கிறது, கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

எண்ணெய் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. மணலியில் பெருகிய வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தபோது அதோடு எண்ணெயும் வந்தது. மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாமல் இருந்ததே காரணம் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. சுமார் 20 சதுர கிலோமீட்டரில் எண்ணெய்ப் படலம் பரவியதாகக் கடலோரக் காவல்படை கணக்கிட்டது. எர்ணாவூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரம் வரைக்கும் கறுப்புக் கோடு. பெரிய இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் மீனவர்களே மக்கும் பக்கெட்டுமாக எண்ணெயை மொண்டார்கள். ஆற்றில் மொண்டதைத் தொலைக்காட்சி காட்டியது. வீட்டுக்குள் சுவரையும் பாத்திரத்தையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தவர்களை எந்தக் கேமராவும் காட்டவில்லை. அது வீட்டு வேலை அல்லவா, பேரிடர் மீட்பு என்று யார் சொல்வார்கள்?

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். வெள்ளத்துக்கு ஒரு திட்டம், எண்ணெய்க்கு இன்னொரு திட்டம், வாயுவுக்கு மூன்றாவது திட்டம் என்று அலுவலகங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. எங்கள் ஊரில் மூன்றும் ஒரே மாதத்தில், ஒரே கதவு வழியாக வந்தன.

திட்டத்துக்கு வருகிறேன். கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதியில், அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களில், 3,220 கோடி ரூபாயில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் என்பது மாநகராட்சியின் திட்டம். ஆசிய வளர்ச்சி வங்கி 251 மில்லியன் டாலர் கடன் தருகிறது. வடிகாலே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. முட்டிவரைக்கும் தண்ணீரில் நின்று சமைத்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சில தெருக்களில் இப்போது மழை விட்ட மறுநாள் தண்ணீர் வடிவதையும் பார்க்கிறேன். அந்த நன்மையை மறைத்துவிட்டுச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் வடிகால் தண்ணீரைக் குடிப்பதில்லை, கொண்டுபோய்த்தான் விடும். எங்கே? பக்கிங்காம் கால்வாய்க்கு, கொசஸ்தலைக்கு, கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு. அந்த முகத்துவாரத்துக்கு முன்னால் பரந்து கிடந்த உப்பங்கழியும் அலையாத்தியும்தான் மழைக்காலத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் தண்ணீர் நின்று இளைப்பாறும் இடம். 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்தது. பிற்பாடு வந்த வரைபடத்தில் கழிமுகத்தைக் காணோம். காகிதத்தில் தண்ணீர் வற்றிய பிறகு தரையில் மண் கொட்டுவது சுலபம். துறைமுக விரிவாக்கம், நிலக்கரிக் கிடங்கு, சாலை, அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து வருஷக்கணக்கில் கசிந்து ஆற்றில் படிந்த சாம்பல். இறால் பிடிக்கிற பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். முன்பு கழுத்தளவு ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் சாம்பல் சேறு என்பார்கள். ஆற்றின் ஆழத்தைத் தினமும் தன் உடம்பால் அளந்தவர்கள் அவர்கள். அந்த அளவை எந்தத் திட்ட அறிக்கையும் அளவாக எடுத்துக்கொண்டதில்லை.

769 கிலோமீட்டர் குழாய் வழியாக முன்பைவிட வேகமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, முன்பைவிடச் சுருங்கிய வாயில் கொட்டினால் என்ன ஆகும்? இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அடைத்த சிங்க்கில் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்ட அனுபவம் போதும். இதைக் கேட்டால் வரும் பதில்: தெரு வடிகால் மாநகராட்சி, ஆறு நீர்வளத்துறை, சாம்பல் மின்வாரியம், துறைமுகம் மத்திய அரசு. தெருவுக்குள்ளும் அப்படியே. மழைநீர் மாநகராட்சியுடையது, சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. மழை வந்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து மேன்ஹோல் வழியாகக் கொப்பளித்து வீட்டுக்குள் வருகிறது. எது யாருடைய தண்ணீர் என்று பிரித்துப் பார்க்காமல் துடைக்கிற ஒரே துறை வீட்டுப் பெண்தான்.

எங்கள் தெருவில் எந்த மேன்ஹோல் முதலில் பொங்கும் என்று ஒரு மூதாட்டி சொல்வார். சொன்னபடியே பொங்கும். சாலையை ஒவ்வொரு முறையும் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவு வருவதற்குள் பல வீடுகளில் வாசலுக்கு இறங்கிப் போகவேண்டிய நிலை. வாசல்படி எத்தனை முழுகியது, 2005இல் எதுவரை, 2015இல் எதுவரை, 2023இல் எதுவரை என்று அந்த மூதாட்டி கதவு நிலையைத் தொட்டுக் காட்டுவார். கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து டேப்லெட்டோடு வந்த பையன் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா பாட்டி?"

மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் இன்னொரு கதை. பூண்டி நிரம்பினால் கொசஸ்தலையில் திறப்பார்கள். புழல் நிரம்பினால் உபரி நீர்க் கால்வாயில் திறப்பார்கள். சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனி, மணலி புதுநகர் எல்லாம் இந்த வழியில் இருக்கின்றன. 2015இலும் 2021 நவம்பரிலும் மழை விட்ட பிறகு அங்கே தண்ணீர் ஏறியது. வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத வெள்ளம் அது. எத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறோம் என்று செய்திக்குறிப்பு வரும். 'கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று ஒரு வரி இருக்கும். கன அடி என்பதைப் 'உங்கள் வீட்டு வாசலுக்கு ராத்திரி எட்டு மணிக்கு' என்று மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் இல்லை. எட்டு மணிக்கு வீட்டில் இருப்பது யார், போன் யார் கையில், கைக்குழந்தையும் படுத்த மாமியாரும் யார் பொறுப்பு என்பது எச்சரிக்கை அனுப்புகிறவர் யோசிக்கவேண்டிய விஷயம். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அலைக்கு ஆண் பெண் தெரியாது. அந்த நேரத்தில் யார் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், யார் வீட்டில் பிள்ளையோடு இருந்தார்கள், யாருக்கு நீந்தவும் மரமேறவும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை புரியும். அதற்குப் பிறகு இருபது வருஷம் போய்விட்டது.

முகாமுக்குப் போங்கள் என்கிறார்கள். போனவர்களைக் கேளுங்கள். 2021இல் நான் உதவிக்குப் போன ஒரு பள்ளிக்கூட முகாமில், மதியம் இரண்டு மணிக்கு ஓர் அக்காவுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளினார். காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லையாம். "குடிச்சா போவணுமே கண்ணு. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குது. அவன் எங்க இருக்கான்னு எவனுக்குத் தெரியும்." கழிவறைகளில் இரண்டு திறந்திருந்தன. அவற்றை வாசலில் கூட்டமாக நின்ற ஆண்களைத் தாண்டிப் போய்த்தான் அடையவேண்டும். ஒரு பெண் மாதவிலக்கு நாளில் இருந்தாள். அரிசி வந்தது, பிஸ்கட் வந்தது, பாய் வந்தது, பழைய சேலைகள் மூட்டையாக வந்தன. நாப்கின் வேண்டும் என்று மைக்கில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்று எனக்கும் வரவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முகாமுக்கு விதி இல்லாமல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச நிவாரணத் தரம் 2016இலேயே வந்தது. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிவறை, பெண்களுக்குத் தனியாக. அந்த விதிப்படி நான் பார்த்த முகாமை அளந்தால் வகுப்பறைக்கு எத்தனை குடும்பம் தங்கலாம் என்று பிள்ளைகளே கரும்பலகையில் கணக்குப் போட்டிருப்பார்கள். கொசஸ்தலைத் திட்டத்தில் நான்கு நிவாரண முகாம்களைப் புதுப்பிப்பதும் ஒரு பகுதி. நல்லது. அந்த நான்கின் வரைபடத்தில் கழிவறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, விளக்கு எங்கே, தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, பால் கொடுக்க ஓர் அறை இருக்கிறதா, சாவி எந்தப் பெண்ணிடம் இருக்கும் என்று கட்டுவதற்கு முன்னால் கேட்கவேண்டும். கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்ற எங்களைக் கூப்பிட வேண்டாம்.

இந்த 'தரம்' எங்கிருந்து வருகிறது? 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலிருந்து. அந்தப் பிரிவை வாசித்துப்பாருங்கள். தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் என்று வரிசை போகும். அப்புறம் 'விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு' என்று வரும். அந்தப் பிரிவில் பெண் புருஷன் செத்த பிறகுதான் உள்ளே வருகிறாள். பாகுபாடு கூடாது என்று வேறொரு பிரிவு பொதுவாகச் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழில் செய்கிறவளாக, தெருவை அறிந்தவளாக, முடிவெடுக்கிறவளாக அவள் எங்கே?

முடிவெடுக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னால் கோபம் வருகிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2022 தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மேயர் பதவியும் பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, வடசென்னையிலிருந்தே ஆர். பிரியா மேயரானார். எங்களுக்கு அது சின்ன சந்தோஷம் இல்லை. இப்போது அதே சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தத்தைப் பாருங்கள். பெருநகரங்களுக்கு நகரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம் என்கிறது. தலைவர் யார்? மாநகராட்சி ஆணையர். துணைத் தலைவர்? மாவட்ட ஆட்சியர். நாம் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த மேயருக்கு அங்கே தலைமை இல்லை. பெண்கள் பாதி பேர் நிரம்பிய மாமன்றம் ஒரு கட்டடத்தில், வெள்ளத்தைப் பற்றிய அதிகாரம் இன்னொரு நாற்காலியில். நாற்காலியில் பெண்கள் உட்காரத் தொடங்குகிற நேரம் பார்த்து அதிகாரம் எழுந்து அடுத்த அறைக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஊராட்சியில் பார்த்தோம், கூட்டுறவுச் சங்கத்தில் பார்த்தோம்.

கவுன்சிலரின் கணவர் போனை எடுக்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று தோழி ஒருத்தி கேட்டாள். சரிதான். எங்கள் பக்கமும் நடக்கிறது. அந்தக் கணவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கவேண்டும். அதற்காக, போனில் வருகிற முடிவுகளையே வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிடுவது தீர்வாகாது.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பெரிய நகரங்களில் வார்டு குழு கட்டாயம் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வர 2022 ஆயிற்று. பகுதி சபை என்றால் கிராம சபையின் நகரத்துத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி வாக்காளர் எல்லாரும் உறுப்பினர். வெள்ளத் திட்டத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. என் அனுபவத்தில் இது எப்படி நடக்கிறது? வாரநாள் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். மீன் விற்கிறவள் தெருவில் இருப்பாள், வீட்டு வேலைக்குப் போகிறவள் இரண்டாவது வீட்டில் இருப்பாள், ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிறவள் மெஷினில் இருப்பாள். நாற்பது பேர் வந்த கூட்டத்தில் பேனர் பிடித்துப் படம் எடுக்கப் பத்து நிமிஷம், தெருவிளக்குப் புகாருக்கு அரைமணி. வடிகால் வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். ஆபீஸில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார் வந்திருந்த பொறியாளர். போனேன். சைட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று முறை சைட்டுக்குப் போயிருந்தார்.

'பெண்களின் பங்கேற்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம். பயிற்சி முகாம், மஞ்சள் டி-ஷர்ட், சுய உதவிக்குழுப் பெண்களுக்குத் தன்னார்வலர் சான்றிதழ். அதாவது இதுவரை கூலியில்லாமல் செய்ததை இனி சான்றிதழோடு கூலியில்லாமல் செய். அம்மா உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கியது, சுய உதவிக்குழுப் பெண்கள் நடத்துவது. 2021 மழையில் அங்கே இலவச உணவு என்று முதலமைச்சர் அறிவித்தார், ஊரே பாராட்டியது. அந்த இட்லியை அவித்தவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு விடியற்காலையில் நடந்துவந்தவர்கள். அவர்களின் தினக்கூலி 300 ரூபாய். 2024இல்தான் 325 ஆனது. வெள்ள மேலாண்மையின் செலவுக் கணக்கில் மோட்டார் வாடகை, டீசல், படகு வாடகை எல்லாம் இருக்கும். இந்தப் பெண்களின் விடியற்காலை நடை எந்தத் தலைப்பில் வரும்?

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் வெள்ளத்தைப் பற்றி எழுதினால் அது பாதி எழுத்து. மழைக்கு முன்னால் வடிகால் வாயில் அடைத்த குப்பையை எடுப்பவர்கள், மழைக்குப் பிறகு செத்த எலியையும் நனைந்த மெத்தையையும் அள்ளுபவர்கள் அவர்கள்தான். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். வேலை நிரந்தரம் வேண்டும், தனியாருக்குப் போனால் சம்பளம் குறையும் என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். நடைபாதையில் போராடக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது, அதனால்தான் என்கிறது அரசு. இருக்கட்டும். நான் கேட்பது ஒரு நிர்வாகக் கேள்வி. எந்தத் தெருவில் எந்த வடிகால் மூடி முதலில் அடைக்கும் என்று பதினைந்து வருஷம் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்ட ஆட்களை வாசலில் இருந்து தூக்கி வேனில் ஏற்றிவிட்டு, சென்சார் வைத்து வெள்ளத்தைக் கண்காணிப்போம் என்று சொல்வது என்ன திட்டம்?

'ஆபத்துப் பகுதி' என்று ஒரு சொல் வேறு இருக்கிறது. வெள்ளப் பாதுகாப்பு என்ற பெயரில் கூவம் கரையிலிருந்து தூக்கப்பட்டவர்கள் பெரும்பாக்கம் போனார்கள். அங்கேயும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது, பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம் வேறு என்ன ஆகும்? வீட்டு வேலை செய்த பெண்கள் பழைய வேலைக்கு வர இரண்டு பஸ் மாறினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வடசென்னையில் கரையோரம் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பயம் இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கிற குடிசைக்கு ஆபத்துப் பகுதி. ஆற்றுக்குள் நிற்கிற நிலக்கரிக் கிடங்குக்கு உள்கட்டமைப்பு.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னதான் வேண்டும் என்பீர்கள். கழிமுகத்தின் 1996 வரைபடத்தை வெள்ளத் திட்டத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், ஆற்றில் கிடக்கிற சாம்பலை எடுங்கள். முகத்துவாரம் சீராகாமல் வடிகாலின் நீளத்தைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். நிவாரணப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தைக் குடும்பத்துக்கு ஒன்றாக இல்லாமல் ஆளுக்கு ஒன்றாக வையுங்கள், பறிக்கும் கூடைக்கும் தொகை எழுதுங்கள். அந்தத் தொகை அவளுடைய வங்கிக் கணக்குக்கே போகட்டும். இருளர் பெண்களுக்கு மீனவர் என்ற அடையாள அட்டை கொடுங்கள், அது இல்லாமல் அடுத்த பட்டியலிலும் அவர்கள் வரமாட்டார்கள். பகுதி சபையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், வரைபடத்தைத் தெருமுனையில் பெரிதாக ஒட்டுங்கள். வெள்ளத்தை நிர்வகிக்கும் ஆணையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தலைமையில் இருக்கட்டும். இதில் எதற்கும் வெளிநாட்டுக் கடன் தேவையில்லை, சாம்பல் எடுப்பதைத் தவிர. அதற்கும் கொட்டியவர்கள் காசு கொடுக்கவேண்டும்.

போன பருவமழைக்கு முன்னால் எங்கள் தெருவில் நாங்களே ஒரு கூட்டம் போட்டோம். பேனர் இல்லை. சாயங்காலம் ஏழு மணி, பிள்ளையார் கோயில் திட்டு. இருபத்தாறு பெண்கள் வந்தார்கள், நாலைந்து ஆண்கள் தள்ளி நின்றார்கள். சார்ட் பேப்பரில் தெருவை வரைந்து, எந்த மேன்ஹோல் முதலில், எந்த வீட்டில் படுத்த நோயாளி, எந்த வீட்டில் நிறைமாதப் பெண், மாடி வீட்டுக்காரர்களில் யார் கதவைத் திறப்பார்கள், யார் திறக்கமாட்டார்கள் என்று குறித்தோம். கடைசி விஷயத்தில் கொஞ்சம் சண்டை வந்தது. பள்ளிக்கூடக் கழிவறைச் சாவிக்கு ஒரு நகல் கேட்டு மனு எழுதி, இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டோம். மூன்று பேர் ரேகை வைத்தார்கள். மண்டல அலுவலகத்தில் கொடுத்து, தபால் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. சார்ட் பேப்பர் என் வீட்டுப் பரணில், பிளாஸ்டிக் உறைக்குள், தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்கிறது.